நடுவயதில் ஓவியப் படிப்பு, கடைசி ஆண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை, வீடு, பிள்ளைகள் என்று பல வருடம் ஓடிவிட்டு, அப்புறம் ஓவியப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கான பக்கம் இது. பட்டம் வாங்கச் சில மாதங்களே இருக்கும்போது வரும் கேள்விகள் தனி ரகம். முதலாண்டில் அவை யாருக்கும் தோன்றுவதில்லை. நானும் அந்த வழியாக வந்தவள். நான் அதிகம் புழங்கியது ஆயில் கலரிலும் அக்ரிலிக்கிலும் என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும்.

கடைசி ஆண்டில் ஒரு நாள் எப்படிப் போகும்? முழு நேரமும் வரைந்துகொண்டே இருக்கலாமா?

அப்படி நினைத்துத்தான் எல்லோரும் வருகிறோம். நடப்பது வேறு. ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் முதல் வேலை, நேற்றுப் போட்ட பகுதி காய்ந்திருக்கிறதா என்று ஓரத்தில் விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பது. அடுத்தது, பேலட்டில் ஆடை கட்டிய வண்ணத்தைச் சுரண்டி எடுப்பது. பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் நிஜமாகவே வரைவீர்கள். அதற்குள் கருத்தரங்கு, ஆய்வுக் கட்டுரையின் திருத்தம், படிப்பின் முடிவில் மாணவர்கள் வைக்கும் கண்காட்சியின் சுவரில் யாருக்கு எந்த இடம் என்ற கூட்டம், ஃபிரேம் அளவு, லேபிள், ஒரு மின்னஞ்சல், இன்னொரு மின்னஞ்சல். மாலையில் சம்பளம் தரும் வேலை. தூரிகை கையில் இருக்கும் நேரம் நாளுக்கு மூன்று மணி வந்தாலே அது நல்ல நாள்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். கடைசி ஆண்டின் வேலையே, கையில் இருப்பதை முடித்து வெளியே கொண்டுபோவதுதான். புதிய பாணி, புதிய ஊடகம், புதிய கண்டுபிடிப்பு எல்லாம் பட்டம் வாங்கிய பிறகும் காத்திருக்கும். கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவைதான்.

வேலைக்கும் போகிறேன், வீட்டையும் பார்க்கிறேன். நேரத்தை எப்படிப் பிரிப்பது?

மணிக்கணக்கில் கால அட்டவணை போட்டால் இரண்டாவது வாரமே அது சுவரில் தொங்கும் அலங்காரமாகிவிடும். அதற்குப் பதில் வேலைகளை நீளத்தை வைத்துப் பிரியுங்கள். கால் மணி நேர வேலைகள்: ஜெஸ்ஸோ (வரையும் முன் கேன்வாஸில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) ஒரு பூச்சு, காய்ந்த ஜெஸ்ஸோவை உப்புத்தாளால் தேய்ப்பது, கேன்வாஸின் பக்கவாட்டு ஓரங்களைச் சுத்தம் செய்வது, ஒரு லேபிள் எழுதுவது. ஒரு மணி நேர வேலைகள்: சிறு கரிக்கோட்டு ஓவியம், கட்டுரையில் ஒரு பத்தி, இரண்டு படங்களைப் புகைப்படம் எடுப்பது. மூன்று மணி நேர வேலை ஒன்றே ஒன்றுதான்: ஆயில் கலரில் வரைவது.

நாற்பது நிமிடம்தான் கிடைத்திருக்கிறது என்றால் ஆயில் கலர் டியூப்பைத் திறக்காதீர்கள். வண்ணம் எடுத்து வைக்கவும், பிரஷ் கழுவவும் அதில் பாதி போய்விடும். மிச்சப் பாதியில் அவசரமாகப் போட்டதை மறுநாள் சுரண்ட வேண்டியிருக்கும். அந்த நாற்பது நிமிடத்தில் இரண்டு கால் மணி வேலைகளை முடித்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும் நாள் சுத்தமாக உங்கள் கையில் இருக்கும்.

இன்னொரு பழக்கம் எனக்குப் பெரிதும் உதவியது. ஸ்டூடியோவைவிட்டுக் கிளம்பும்போது அடுத்து செய்ய வேண்டியதை ஒரு வரியில் எழுதி ஈசலில் (படத்தை நிறுத்தி வரையும் தாங்கியில்) ஒட்டிவிடுவேன். "இடது கை நிழல் இன்னும் குளிர்ச்சியாக, முகத்தைத் தொடாதே." நான்கு நாள் அலுவலக வேலைக்குப் பிறகு திரும்பி வரும்போது, "எங்கே விட்டோம்?" என்று படத்தையே முறைத்துக்கொண்டு நிற்கும் அரை மணி நேரம் மிச்சம்.

இளைஞர்கள் விடிய விடிய வேலை செய்கிறார்கள். நானும் அப்படிச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அவர்களுக்கு மறுநாள் மதியம் வரை தூங்க முடிகிறது, உங்களுக்கு முடியாது. அது ஒருபுறம் இருக்க, மஞ்சள் விளக்கின் கீழ் நள்ளிரவில் கலந்த வண்ணம் பகல் வெளிச்சத்தில் வேறு முகம் காட்டும். இரவில்தான் நேரம் என்றால் 5000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) அளவில் பகல் வெளிச்சத்தை ஒத்த விளக்கைப் பொருத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரவைக் கோட்டோவியத்துக்கும் எழுத்துக்கும் ஒதுக்குங்கள்.

கண்காட்சிக்குள் ஆயில் கலர் காயாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்போது நிறுத்த வேண்டும்?

நியாயமான பயம். வாட்டர் கலரும் அக்ரிலிக்கும் நீர் ஆவியாகிக் காய்பவை. ஆயில் கலர் அப்படியல்ல. அதிலுள்ள எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். கத்தியால் கெட்டியாக அப்பிய இடம் மேலே தோல் கட்டினாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

வண்ணத்துக்கு வண்ணம் வேகமும் மாறும். அம்பர் வகைப் பழுப்புகளில் மாங்கனீஸ் இருப்பதால் அவை சீக்கிரம் காயும். ஐவரி பிளாக், காட்மியம் சிவப்பு, டைட்டானியம் வெள்ளை எல்லாம் நிதானப் பேர்வழிகள். கடைசி வாரத்தில் இருட்டான பின்னணி முழுவதையும் ஐவரி பிளாக்கால் திரும்பப் பூசும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது. கெட்டிப் பூச்சு எல்லாம் திறப்பு நாளுக்கு மூன்று மாதம் முன்னால் முடிந்துவிட வேண்டும். மெல்லிய திருத்தங்களுக்கு மூன்று வாரம் முன்னால் கடைசித் தேதி. அதற்குப் பிறகும் தொட்டே ஆக வேண்டும் என்றால் ஆல்கிட் மீடியம் (ஆயில் கலரைச் சீக்கிரம் காய வைக்கும் கலவை) கலந்து மெலிதாகப் போடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளில் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். ஆனால் அவசரத்தில் ஒன்றை மறக்கக் கூடாது: கீழ்ப் பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். எண்ணெய் நிறைந்த அடுக்கின் மேல் எண்ணெய் குறைந்த அடுக்கைப் போட்டால் மேலே உள்ளது முதலில் இறுகி, அடியில் இருப்பது அசையும்போது விரிசல் விடும். கண்காட்சி நாளில் அது தெரியாது. படத்தை வாங்கியவர் வீட்டில்தான் தெரியும். அக்ரிலிக்கின் மேல் ஆயில் போடலாம், ஆயிலின் மேல் அக்ரிலிக் கூடாது.

காய வைக்கும் படத்தை இருட்டு அறையில் பூட்டாதீர்கள். ஆயில் கலரில் உள்ள லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெருமளவு போய்விடும். கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டும் என்பதால் பட்டக் கண்காட்சியில் உங்கள் புதிய படங்கள் வார்னிஷ் இல்லாமல்தான் நிற்கும். அங்கங்கே பளபளப்பு மங்கியிருந்தால் ரீடச் வார்னிஷ் (கடைசி வார்னிஷ் வரை தாங்கும் தற்காலிக வார்னிஷ்) மெல்லிய ஒரு பூச்சு போதும்.

எண்ணெய்த் துணிகளைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்களே, அவ்வளவு ஆபத்தா?

ஆம். லின்சீட் எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளியாகும். துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மூடியுள்ள உலோகத் தொட்டியில் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள், அல்லது திறந்த வெளியில் ஒற்றையாக விரித்துக் காய விடுங்கள். பொருட்களைக் காரில் ஏற்றி இறக்கும் நாட்களில் பையின் அடியில் ஒரு துணி மறந்து கிடக்கும். அதுதான் மோசம்.

வகுப்பில் எல்லோருக்கும் என் வயதில் பாதி. விமர்சன வகுப்பில் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

கூச்சம் வயதால் வருவதாகத் தோன்றும். உண்மையில் அது வேலைப் பழக்கத்தால் வருகிறது என்பது என் அபிப்பிராயம். அலுவலகத்தில் யாராவது ஒரு குறை சொன்னால் உடனே காரணம் சொல்லிப் பழகியவர்கள் நாம். விமர்சன வகுப்பிலும் அதையே செய்கிறோம். இருபது வயதுப் பெண் ஒருத்தி "இந்த நீலம் என்னவோ தனியா நிக்குது" என்றால், அந்த நீலத்தை ஏன் போட்டோம் என்று ஐந்து நிமிடம் பேசுகிறோம். படம் சுவரில் இருக்கிறது, பேச்சு நம்மிடம் இருக்கிறது, எல்லோரும் நம்மைப் பார்க்கிறார்கள். படத்தை யாரும் பார்ப்பதில்லை.

முதல் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டே கேள்விகள் கேளுங்கள். உங்கள் கண் முதலில் எங்கே போனது? எந்த இடத்தில் படத்தைவிட்டு வெளியேறியது? "பிடித்ததா?" என்று கேட்டால் மரியாதைக்குப் பதில் வரும்; கண் எங்கே போனது என்று கேட்டால் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. ஐந்து பேரில் நான்கு பேரின் கண் அந்த நீலத்தில் போய் நின்றால், சரி, நீலத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

எழுதிக்கொண்டதை வீட்டில் இரண்டாகப் பிரியுங்கள். இந்தப் படத்தை முடிக்க உதவுபவை ஒரு பக்கம். "இதையே பத்து மடங்கு பெரிதாகச் செய்தால்?", "வீடியோவாக மாற்றினால்?" என்பவை இன்னொரு பக்கம். இரண்டாம் வகை பெரும்பாலும் சுவாரசியமான யோசனைகளாகவே இருக்கும். தனி நோட்டில் எழுதி மூடிவையுங்கள். இந்த ஆண்டுக்கு அவை ஆகாது.

ஆசிரியர் என்னைவிட இளையவர். எப்படிப் பழகுவது?

மற்ற மாணவர்கள் எப்படியோ அப்படியே. அவருக்கும் உள்ளூர ஒரு சங்கடம் இருக்கும். நீங்கள் "தெரியவில்லை" என்று முதலில் சொல்லிவிட்டால் இருவருக்கும் எளிது.

தாமதமாகத் தொடங்கிவிட்டேனோ?

இந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிரபலங்களின் பட்டியலை நீட்டுவது வழக்கம். ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி சட்டத் துறையை விட்டு ஓவியம் படிக்க ஜெர்மனியின் முனிக் நகரத்துக்குப் போனது 1896-இல், 30 வயதில். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி ரூசோ பாரிஸ் சுங்க வசூல் வேலையிலிருந்து விலகியது 1893-இல், 49 வயதில். தாகூர் அறுபதுகளில்தான் முழு மூச்சாக வரையத் தொடங்கினார். 1930-இல் பாரிஸில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் மேதைகளை உதாரணம் காட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

எனக்குப் பயன்பட்ட ஒரே உதாரணம் ஆல்மா தாமஸ். அமெரிக்காவில் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் ஓவிய ஆசிரியராக இருந்தவர். 1924-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பட்டம் வாங்கியவர், 1950-களில், வேலையில் இருந்துகொண்டே, இன்னொரு பல்கலைக்கழகத்தில் மறுபடி ஓவிய வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். பட்டை பட்டையாக, வட்டம் வட்டமாக வண்ணத் துண்டுகள் நிறைந்த அவருடைய பெயர்பெற்ற படங்கள் 1960-இல் ஓய்வு பெற்ற பிறகு வந்தவை. 1972-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தபோது வயது 80. இதில் எனக்குப் பிடித்தது அந்த 80 அல்ல. ஆசிரியராக இருந்தவர் தயங்காமல் மாணவராகப் போய் உட்கார்ந்த நடுப் பகுதி.

கண்ணும் முதுகும் ஒத்துழைக்கவில்லை. வழி உண்டா?

நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் நடப்பது. படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்கானது. ஈசலோ கை நீட்டும் தூரத்தில், 60-70 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆகவே படிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரைந்தால் உங்களையறியாமல் கழுத்தை முன்னால் நீட்டி நிற்பீர்கள். முதுகு வலியில் பாதி அதனால்தான். ஈசலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்து கொண்டுபோய்க் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்தத் தூரத்துக்கே கண்ணாடி எழுதித் தருவார். நீல ஒளி வடிகட்டும் பூச்சு வேண்டாம். அது லேசாக மஞ்சள் சாயல் ஏற்றும். வண்ணங்கள் திடீரென்று மந்தமாகத் தெரிந்தால் படத்தைத் திட்டும் முன் கண்ணைப் பரிசோதியுங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்குக் கண்புரை என்று 1912-இல் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு அவர் ஒத்துக்கொண்டது 1923-இல்தான். இடையில் வரைந்தவற்றில் சிவப்பும் பழுப்பும் ஏறிக்கொண்டே போகின்றன.

முதுகுக்கு: படத்தை உங்கள் கண் மட்டத்துக்கு ஏற்றி இறக்குங்கள், நீங்கள் குனியாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை நாலைந்து எட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள். படத்துக்கும் நல்லது.

கண்காட்சியில் படங்களோடு வைக்கும் கலைஞர் குறிப்பு எழுத உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை.

வராததற்குக் காரணம், மற்றவர்களின் குறிப்புகளைப் படித்துவிட்டு உட்காருவது. அவற்றைப் படித்தால் இப்படித்தான் வரும்: "என் படைப்புகள் நினைவுக்கும் மறதிக்கும் இடைப்பட்ட வெளியை ஆராய்கின்றன." இதை எந்தப் படத்தின் கீழும் ஒட்டலாம். எந்தப் படத்துக்கும் பொருந்துவது உங்கள் படத்துக்குப் பயன்படாது.

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எதை வரைகிறீர்கள்? அதில் எதைப் பார்க்கிறீர்கள்? கையால் என்ன செய்கிறீர்கள்? உதாரணத்துக்கு, காலி நாற்காலிகளை வரையும் ஒருவர் இப்படி எழுதலாம்:

"மூடப்பட்ட அலுவலகங்களின் நாற்காலிகளை வரைகிறேன். உட்கார்ந்திருந்தவர் எழுந்து போன பிறகும் பஞ்சில் தங்கும் பள்ளம்தான் என் விஷயம். ஆயில் கலரை மெல்லிய பூச்சாகப் போட்டு, காய்வதற்குள் பாதியைத் துணியால் துடைத்துவிடுகிறேன். துடைத்தும் போகாமல் நிற்பதன் மேல் அடுத்த பூச்சு."

இதைப் படித்தவர் படத்துக்குக் கிட்டே போய் அந்தப் பள்ளத்தைத் தேடுவார். குறிப்பிலிருந்து எதிர்பார்ப்பது அவ்வளவுதான். 150 முதல் 200 சொல் போதும். எழுத்து கைவராதவர்கள், நண்பர் ஒருவரிடம் படத்தை விளக்கிப் பேசி அதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அதிலிருந்து எடுத்து எழுதுவது எளிது.

எத்தனை படங்களை வைப்பது?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. பல வருடம் வரையாமல் இருந்தவர்களுக்கு வரைந்ததை எல்லாம் காட்ட வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். அதனாலேயே சுவர் நிறைந்துபோகும். தரையில் எல்லாவற்றையும் வரிசையாகச் சாய்த்து வைத்து, உங்கள் வேலையை அதிகம் பார்த்திராத ஒருவரைக் கூப்பிட்டு, எவை ஒரே கையால் வந்தவை என்று கேளுங்கள். அவர் ஒதுக்கிவைப்பதில் உங்களுக்கு மிகப் பிடித்தது ஒன்று கட்டாயம் இருக்கும். அதை வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

படங்களை எந்த உயரத்தில் மாட்டுவது?

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. உயரத்தில் வர வேண்டும் என்பது பொதுவான வழக்கம். ஆணி எங்கே அடிப்பது என்பதில்தான் எல்லோரும் குழம்புவார்கள். நடு உயரத்தோடு படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். பின்னால் உள்ள கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் படத்தின் மேல் விளிம்புக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளியோ அதைக் கழியுங்கள். 90 செ.மீ. உயரமுள்ள படம், கம்பி 8 செ.மீ. கீழே நிற்கிறது, நடு உயரம் 150 என்றால்: 150 + 45 − 8 = 187 செ.மீ. அங்கே ஆணி. ஒவ்வொரு படத்துக்கும் இந்த எண்ணை முதல் நாளே கணக்கிட்டு, பின்பக்கம் பென்சிலில் எழுதிவிடுங்கள். மாட்டும் நாளன்று ஏணிக்கு வரிசை நிற்கும். உங்கள் முறை வரும்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

லேபிளில் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு.

கைபேசியில் எடுத்த படங்களே போர்ட்ஃபோலியோவுக்குப் போதுமா?

ஒழுங்காக எடுத்தால் போதும். மேகமூட்டமான நாளின் வெளிச்சம், அல்லது இரண்டு பக்கமும் 45 டிகிரி கோணத்தில் ஒரே மாதிரியான இரண்டு விளக்குகள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். கிட்டே நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரங்கள் வளையும். தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில், லென்ஸ் படத்தின் நடுவுக்கு நேராக இருக்கும்படி எடுங்கள். கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்யும் முன், வார்னிஷ் அடிக்கும் முன் எடுத்துவிடுவது நல்லது. முழுப் படம் ஒன்று, கிட்டத்தில் ஒரு பகுதி, சுவரில் மாட்டிய நிலையில் ஒன்று என்று குறைந்தது மூன்று இருக்கட்டும். சுவரில் எடுப்பதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டு, கழற்றிய பிறகு நினைத்துக்கொள்கிறார்கள்.

"இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பெரிய பதில் சொல்லப் போனால் சண்டையில் முடியும். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் அவர்களிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: படங்களைத் துணி சுற்றி வண்டியில் ஏற்ற ஒருவர், லேபிளில் எழுத்துப்பிழை பார்க்க ஒருவர். தூக்கிச் சுமந்த பிறகு கேள்வி "இது ஏன் இவ்வளவு கனம்?" என்று மாறும். அதற்குப் பதில் சொல்வது எளிது.

யாராவது ஒரு படத்தை வாங்கக் கேட்டால்?

உடனே தலையாட்டிவிடாதீர்கள், உடனே இலவசமாகவும் கொடுத்துவிடாதீர்கள். கண்காட்சி முடியும் வரை படம் சுவரில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, தலைப்பு, அளவு, ஆண்டு, விலை, வாங்குபவர் விவரம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெரும்பாலான நாடுகளில், படத்தை விற்றாலும், எழுத்தில் கொடுக்காதவரை அதன் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை, ஒரு வருடம் கழித்துக் கொண்டுவந்தால் அடித்துத் தருகிறேன் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அக்ரிலிக் படமாக இருந்தால் பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றி அனுப்பாதீர்கள். வெயிலில் குமிழ்த் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும்.

பட்டம் வாங்கியதும் ஸ்டூடியோ கிடைக்காது. அப்புறம்?

பலருடைய தூரிகை நிற்பது இந்த இடத்தில்தான். திறமை தீர்ந்துபோவதில்லை, பெரிய கேன்வாஸும் வாசமுள்ள கரைப்பானும் வைக்க இடமில்லை, "இடம் கிடைத்ததும் தொடங்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். கடைசி மாதங்களிலேயே வீட்டு மேசையில் செய்யக்கூடிய அளவுக்கு ஒரு சிறு தொடரைத் தொடங்கி வையுங்கள்: காகிதத்தில், வாட்டர் கலரிலோ அக்ரிலிக்கிலோ. மூடிவைத்த அந்த யோசனை நோட்டு இப்போது உதவும்.

கல்லூரியைவிட்டு வெளியேறும் முன் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளும் உண்டு. பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியருக்கு உங்கள் படங்கள் நினைவில் இருக்கும்போதே கேளுங்கள். கல்லூரி மின்னஞ்சலில் இருக்கும் கோப்புகளைச் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்; பட்டம் முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடும் கல்லூரிகள் உண்டு. கேன்வாஸை இழுத்துக் கட்டும் ஸ்ட்ரெச்சர் கட்டைகளையும் ஈசலையும் விட்டுப்போகும் இளைஞர்கள் நிறையப் பேர். காலி செய்யும் வாரத்தில் ஒரு வண்டியோடு போங்கள்.